ஒன்பது, ஐந்து, தொண்ணூற்றேழு

நல்ல முகூர்த்த நாளில் மதுரையில் ஒரு வீடியோக்காரர் ஒரே நேரத்தில் மூன்று மண்டபத்தில் நிற்க வேண்டியிருக்கும். பாலசுந்தரத்துக்கு உடம்பு ஒன்றுதான். 1997 தை பிறந்ததும் இரண்டாவது கேமரா ஒன்று வாங்கினார். அதைத் தூக்குவதற்கு மனைவி பத்மாசினியின் தம்பி வெங்கடேஷ்பாபுவைக் கடையில் சேர்த்துக்கொண்டார்.

அவருடைய அப்பா தறிக்காரர். அண்ணன்கள் இரண்டு பேரும் சாயப்பட்டறைக்குப் போனார்கள். இவர் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, அதிலிருந்து டி.வி.க்கு வந்து, அங்கிருந்து வீடியோவுக்குத் தாவினார். காமராஜர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடை. முன்னால் மேஜை, நாற்காலி, இரண்டு பெஞ்சு. பின்னால் இரண்டு வி.சி.ஆர்., ஒரு டி.வி., சுவர் முழுக்க மர அலமாரி. ஆள் அதிகம் பேசமாட்டார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பொண்ணைக்கூட "இங்க பாருங்க" என்று கூப்பிடமாட்டார். அவர்களாகப் பார்க்கும்வரை கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பார். அதற்காகவே அவரைக் கூப்பிட்டவர்கள் உண்டு. அதற்காகவே மறுபடி கூப்பிடாதவர்களும் உண்டு.

அவரிடம் ஒரு வாக்கு இருந்தது. விசேஷத்தை எடுத்த மூல கேசட்டை விசேஷம் நடந்த நாளிலிருந்து ஒரு வருஷம் அழிக்காமல் வைத்திருப்பார். வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்த காப்பி சிக்கிப் போனாலும், சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா ஒன்று கேட்டாலும், வந்து வாங்கிக்கொள்ளலாம். வருஷம் தாண்டிவிட்டால் அதே கேசட்டில் வேறு விசேஷம் ஏறும். ஊரில் மற்றவர்கள் ஒரு மாதம்கூட வைத்திருப்பதில்லை. "பாலாகிட்ட கேளு, இருக்கும்" என்ற பேச்சு கீழவாசலிலிருந்து வண்டியூர்வரை இருந்தது. அந்தப் பேச்சுதான் கடை.

கேசட்டின் முதுகில் ஒட்டும் சீட்டில் அவர் நாள், மாதம், வருஷம் என்று எழுதுவார். கீழே வீட்டுக்காரர் பெயர். வெங்கடேஷ்பாபு வந்த பிறகு அவன் எடுத்ததற்கு அவனே எழுதினான். அவனுக்குக் கேமராவின் மேல் பக்தி. புதுக் கேமரா படத்தின் மூலையில் தேதி காட்டும். மாதத்தை முதலில் காட்டும், நாளை அடுத்துக் காட்டும். அது என்ன காட்டியதோ அதை அப்படியே சீட்டில் எழுதினான். வீட்டுக்காரர் பெயரை எழுதமாட்டான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று என்ன விசேஷமோ அதை மட்டும் எழுதுவான். பெயர் எதற்கு, தேதிதான் இருக்கிறதே என்பது அவன் கட்சி.

ஆக, ஒரே அலமாரியில் இரண்டு விதத் தேதிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பாதி நாட்களுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. இருபத்தைந்தாவது மாதம் என்று ஒன்று கிடையாது. பன்னிரண்டுக்குள் வரும் நாட்கள்தான் ஆபத்து. அதை யாரும் யோசிக்கவில்லை.

1998 ஆடி மாதம் பேச்சியம்மாள் கடைக்கு வந்தார். சோழவந்தானுக்கு மேற்கே கிராமம். முப்பது வயது இருக்கும். பெஞ்சில் உட்காராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, போன ஆவணியில எம்மகளுக்குக் காது குத்துனோம்ல, எங்க குலசாமி கோயில்ல. இந்தத் தம்பிதான் வந்து எடுத்துச்சு. அந்தக் கேசட்டு வேணும்."

வெங்கடேஷ்பாபுவுக்கு உடனே ஞாபகம் வந்தது. மறக்கிற விசேஷமா அது! தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தவேண்டும். தாய்மாமன் விருமாண்டி சீர்வரிசையோடு வந்த வேன் வழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று பேச்சியின் புருஷன் சோணை தன் பங்காளி பேயாண்டி மடியில் பிள்ளையை வைத்துக் குத்தச் சொல்லிவிட்டார். கொட்டு மேளத்தோடு விருமாண்டி வந்து இறங்கியபோது பிள்ளை காதில் ஏற்கெனவே தோடு. அதற்கப்புறம் நடந்ததைக் கேட்கவேண்டுமா? அடுத்த வாரம் சோணையே கடைக்கு வந்து, "அந்தக் கேசட்டே வேணாம்ணே, அதப் பாத்தா எனக்கு வயிறு எரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காப்பி போடவே இல்லை. மூல கேசட்டு ஒன்றுதான்.

"அவரு வேணாம்னுட்டாரேம்மா" என்றார் பாலசுந்தரம்.

"இப்ப வேணும்ணே. எங்கண்ணே செத்துப்போச்சு. பைபாஸ் ரோட்டுல லாரி. பதினாறு முடிஞ்சு நேத்துத்தான் எந்திரிச்சேன். அது நிக்கிற போட்டோ ஒண்ணு இருக்கு, ரேசன் கார்டுக்கு எடுத்தது. அதுல அது மாதிரியே இல்ல. நடந்து வாரது, பேசுறது, அம்புட்டும் அந்தக் கேசட்டுலதான இருக்கு?"

"இருக்கும்மா. வருஷம் ஆகலயே. உக்காருங்க."

பாலசுந்தரம் பதிவு நோட்டைப் புரட்டினார். செப்டம்பர் ஐந்து. உள்ளே போனார். ஐந்து ஒன்பது தொண்ணூற்றேழு என்று எழுதிய கேசட்டைத் தேடினார். அப்படி ஒன்று இருந்தது, ஓட்டிப் பார்த்தால் வேறு யாரோ வீட்டுக் காதுகுத்து. அலமாரி முழுக்கத் தேடினார். வெங்கடேஷ்பாபுவும் தேடினான். அவன் தேடியது ஒன்பது ஐந்து தொண்ணூற்றேழு. இரண்டு பேரும் வேறு வேறு கேசட்டைத் தேடுகிறார்கள் என்பது தெரியவே சிறிது நேரம் ஆனது. தெரிந்ததும் பாலசுந்தரம் அலமாரியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

போன மாதம் ஒரு கல்யாணம். ஆல்பின், ஜெனி என்ற ஜோடி. சர்ச்சுக்குப் புதுக் கேசட்டு போட்டார். மாலை வரவேற்புக்கு அலமாரியிலிருந்து பழசு ஒன்றை எடுத்தார். ஒன்பது ஐந்து தொண்ணூற்றேழு, காதுகுத்து. மே ஒன்பதாம் தேதி திருப்பரங்குன்றத்தில் ஒரு காதுகுத்து எடுத்ததும் உண்மை. அதுவும் வெங்கடேஷ்பாபு எடுத்ததுதான். அவர்கள் காப்பியும் வாங்கிக்கொண்டு போயாயிற்று. மே என்றால் வருஷம் தாண்டிவிட்டது. சரி என்று போட்டு வரவேற்பு முழுவதையும் எடுத்துவிட்டார்.

திருப்பரங்குன்றத்துக் கேசட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது. ஐந்து ஒன்பது என்ற சீட்டோடு. அவர் முதலில் ஓட்டிப் பார்த்தது அதைத்தான்.

முன்கடையில் பேச்சி நின்றுகொண்டிருந்தார். வெங்கடேஷ்பாபு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷையில், "காளான் பிடிச்சிருச்சுன்னு சொல்லிருங்க அத்தான், மழைக்காலத்துல எல்லாக் கேசட்டுக்கும் பிடிக்கிறதுதானே" என்றான். பாலசுந்தரமும் அதே பாஷையில், "வாய மூடு" என்றார்.

"என்னண்ணே, உங்க பாஷையில பேசுறீக?" என்றது வெளியிலிருந்து குரல். "புடவைக் கடையிலயும் இப்பிடித்தான். விலையக் கூட்டணும்னா உங்க பாஷைக்குப் போயிருவாக. கேசட்டு இல்லையா? இருக்கா இல்லையா, அத மட்டும் தமிழ்ல சொல்லிருங்க."

"தேடணும்மா. ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றார் பாலசுந்தரம். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

"வாரேன்ணே. அவரையும் கூட்டிட்டு வாரேன்" என்று பேச்சி போனார்.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. மகள் காவ்யஸ்ரீ அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், கம்ப்யூட்டர் பிரிவு. விஷயத்தைக் கேட்டதும் ஒரு தாளை எடுத்தாள்.

"வருஷம் முதல்ல, அப்புறம் மாசம், அப்புறம் நாள். பெருசுல இருந்து சிறுசுக்கு. மணி பாக்குறப்ப மணி, நிமிஷம், வினாடின்னுதானப்பா சொல்றோம்? எண்ணை வரிசைப்படுத்தினா நாளும் தானா வரிசையா வந்துரும். உலகத்துலயே இதுதான் சரி."

"கடைக்கு வாரவங்க யாரும் வருஷத்தச் சொல்லிக்கிட்டு வாரதில்ல" என்றார் அப்பா. "போன ஆவணிம்பாங்க. இல்லேன்னா அஞ்சாந்தேதிம்பாங்க. நாளத்தான் முதல்ல கேப்பாங்க. அதான் நாள முதல்ல எழுதுறோம்."

"மெஷின் தப்பாக் காட்டுமா அத்தான்?" என்றான் வெங்கடேஷ்பாபு. "அம்புட்டுப் படிச்சவன் செஞ்ச மெஷினு. மாசத்தத் தெரிஞ்சுக்கிட்டாத்தான காலண்டர்ல எந்தத் தாளைத் திருப்பணும்னு தெரியும்? அப்புறந்தான் நாளு."

"நம்ம ஊருக் காலண்டர்ல தாளைத் திருப்புறதா? தினம் ஒண்ணக் கிழிக்கிறோம்டா" என்றார் பத்மாசினி. "மூணு பேரும் மூணு எண்ண வச்சு மல்லுக்கட்டுறீங்க. ஆவணின்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அத யாரு சித்திரைன்னு படிப்பா? உனக்கு ஆவணிக்கு எழுத்துத் தெரியாதா?"

"அக்கா, கேமராவுல ஆவணி வராது."

"கேமராவுலதான வராது? உங்கையில வருமில்ல?"

வெங்கடேஷ்பாபு தட்டைப் பார்த்தான். பாலசுந்தரம் கை கழுவிவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

அவர் மனதில் ஓடியது தேதி இல்லை. அந்தப் பெண்ணுக்கு அண்ணன் நடந்து வருவது இனி உலகத்தில் எங்கேயும் கிடையாது. இருந்த ஒரே இடத்தில் அவர் ஆல்பின், ஜெனியின் கேக்கைப் பதிந்துவிட்டார். வாக்குக் கொடுத்த நாளுக்கு முன்னால் அழித்தவர் அவர். சீட்டு எழுதியவன் மச்சினன் என்று சொல்லலாம். கேசட்டைக் கேமராவுக்குள் தள்ளிய கை யாருடையது?

வெறுமனே இருக்க முடியாமல் அந்தக் கேசட்டை வி.சி.ஆரில் போட்டு ஓட்டினார். மறுபதிவு என்பது முழு நாடாவையும் துடைப்பது இல்லை. புதுப் பதிவு எங்கே நிற்கிறதோ அதற்கு அப்பால் பழசு அப்படியே கிடக்கும். வரவேற்பு எவ்வளவு நேரம் ஓடியது என்பதுதான் கேள்வி. கேக், பாட்டு, பந்தி, வரிசையாக நின்று எடுத்த குரூப் போட்டோ என்று ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அவ்வளவு எடுத்திருந்தார். கடைசியில் ஜெனியின் பெரியப்பா கைகாட்டிவிட்டுப் போனதும் திரை நரைத்தது. கோடு கோடாக இரைந்தது.

அப்புறம் ஒரு புளியமரம் வந்தது.

வெங்கடேஷ்பாபுவிடம் ஒரு கெட்ட பழக்கம். ஆன் செய்தால் நாடா தீரும்வரை நிறுத்தமாட்டான். அதற்காகப் பலமுறை திட்டு வாங்கியிருக்கிறான். அன்று கோயிலில் சண்டை ஆரம்பித்ததும் அவன் பயந்து ஓரமாகப் போனான். ஆனால் கேமராவை நிறுத்தவில்லை. மிஞ்சியது அதுதான். கொட்டோடு வந்து இறங்கியது, சீர்த்தட்டு, மாலை, பிள்ளைக்கு மொட்டை, எல்லாம் போய்விட்டது. சண்டையின் கடைசி ஐந்தாறு நிமிஷம் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

பாலசுந்தரம் அதை முழுதும் பார்த்தார். இரண்டாம் தடவை பார்க்கவில்லை. இதைக் காட்டுவதா? காளான் என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண் ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போவாள். இதைக் காட்டினால் அண்ணன் தன்னைத் திட்டிக்கொண்டு நிற்கிற முகம்தான் கடைசி முகமாகத் தங்கும். எது குறைந்த பாவம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. நல்லதுக்குச் சொல்லும் பொய்யானாலும் அது தன்னைக் காப்பாற்றும் பொய்யாகவும் இருக்கிறது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் முழுக்கக் கடையை அடைத்துவிட்டு எல்லாச் சீட்டுகளையும் கிழித்துப் புதிதாக எழுதினார். மகள் சொன்னபடி வருஷம் முதலில். மனைவி சொன்னபடி மாதம் எழுத்தில். கடைசியில் நாள். கீழே வீட்டுக்காரர் பெயர். "மாசத்த எழுத்துல எழுதினா வரிசை கெட்டுரும்ப்பா" என்றாள் காவ்யஸ்ரீ. "வரிசைய நான் கண்ணால போட்டுக்கிறேன்" என்றார். அந்த முறையைச் சாகும்வரை மாற்றவில்லை. செக்கில், ஆஸ்பத்திரிச் சீட்டில், கேஸ் சிலிண்டர் பதிவில், எல்லாவற்றிலும் அப்படியே எழுதினார். பாங்கியில் ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அதையே எழுதிக் கொடுத்தார்.

2006 நவம்பர் 10 அன்று அவர் இறந்தார். மாரடைப்பு. கடையில்தான். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்த தாளில் 11/10/2006 என்று இருந்தது. சான்றிதழ் வாங்கப்போன இடத்தில் கவுண்டரில் இருந்தவர் அதைப் பார்த்து, "அக்டோபர்லயே இறந்துட்டாரா? இம்புட்டு நாள் ஏன் பதியல?" என்று கேட்டார். பெங்களூரிலிருந்து வந்திருந்த காவ்யஸ்ரீ, நவம்பர் என்றாள். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். நவம்பர் என்றாள். நாள் பத்து என்றாள். வருஷத்தையும் சொன்னாள். வீட்டில் மாமா வெங்கடேஷ்பாபு பஞ்சாங்கத்தைப் பிரித்து ஐப்பசி தேய்பிறையில் என்ன திதி என்று பார்த்துக்கொண்டிருந்தார். திதி வருஷத்துக்கு வருஷம் வேறு தேதியில் வரும். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அவளால் அதைக் கம்ப்யூட்டரில் எழுதிவிட முடியும். இதுவரை எழுதவில்லை.

அந்த 1998 ஆடியில், சீட்டெல்லாம் மாற்றி எழுதிய மறுநாள், பேச்சி சொன்னபடி வந்தார். பின்னால் சோணை, இடுப்பில் பிள்ளை. சோணை பெரிய ஆள். கடைக்குள் நுழையும்போதே கூசிக்கொண்டு நுழைந்தார்.

"கெடச்சிருச்சாண்ணே?" என்றார் பேச்சி.

பாலசுந்தரம் எழுந்து நின்றுகொண்டு சொன்னார். "அழிச்சுட்டேம்மா. நான்தான். தேதிய மாத்திப் படிச்சு வருஷம் ஆச்சுன்னு நெனச்சு அதுமேல வேற கல்யாணத்த எடுத்துட்டேன்."

பேச்சி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கடைசில கொஞ்சம் மிச்சம் இருக்கு. உங்க அண்ணன் இருக்காரு. ஆனா சண்டை போடுறதுதான் இருக்கு. நல்லது எதுவும் இல்ல. பாக்க வேணாம்னா வேணாம்மா. நீங்களே சொல்லுங்க."

"பேசுதா?"

"பேசுறாரு."

"போடுங்க."

"ஏ பேச்சி, வேணாம்டி" என்றார் சோணை. "அன்னைக்கி என்னென்ன பேசுனான்னு தெரியும்ல? நானும் பேசுனேன். இப்பப் போயி அதக் கேட்டு..."

"நீ வேணும்னா வெளிய நில்லு. டீ குடிச்சுட்டு வா."

சோணை வெளியே போகவில்லை. கதவோரம் நின்றார்.

பாலசுந்தரம் டி.வி.யை முன்கடைப் பக்கம் திருப்பிவைத்துக் கேசட்டைப் போட்டார். திரை நரைத்து, புளியமரம் வந்தது. மூலையில் மஞ்சளில் எண்கள். "ஒம்போது அஞ்சா?" என்றார் சோணை. "ஆவணியிலல்ல வச்சோம்? இந்தப் பொட்டி என்ன சித்திரைங்குது?"

"அதாண்ணே ஆச்சு" என்றான் வெங்கடேஷ்பாபு மெதுவாக.

விருமாண்டி வந்தார். புது வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பிள்ளையைத் தோளில் உட்காரவைத்திருந்தார். ஒரு கையால் அதன் காலைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் சோணையை நோக்கி நீட்டிப் பேசினார். பிள்ளை அவர் தலைமுடியைப் பிடித்திருந்தது.

"எம்மடி இல்லாம எவம்மடியில வச்சுக் குத்துனீக? வேனு நின்னா நானும் செத்தா போயிட்டேன்? பங்காளி மடிதான் ஒசத்தின்னா பங்காளிகிட்டயே சீரு வாங்குங்கடா! இனி உங்க நெழல மிதிச்சேன், எம்பேரு விருமாண்டி இல்ல. கேட்டுக்க பேச்சி! ஒனக்கு அண்ணனும் இல்ல, மண்ணும் இல்ல!"

சோணை தலையைக் குனிந்துகொண்டார். பேச்சி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.

திரையில் விருமாண்டி துண்டை உதறித் தோளில் போடப் போனார். போட இடமில்லை, தோளில் பிள்ளை. இடுப்பில் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வேனைப் பார்த்து நடந்தார். கொட்டுக்காரர்களும் பின்னால் நடந்தார்கள். ஒரு கிழக்குரல் கத்தியது: "ஏலே, போறவன் பிள்ளையக் குடுத்துட்டுப் போடா!" அவர் காதில் விழவில்லை. வேன்வரை போய்விட்டார். கதவில் குனியும்போது பிள்ளை தலை இடிக்கும்போல இருந்தது. அப்போதுதான் நின்றார். தலையைத் தூக்கிப் பார்த்தார். திரும்பினார். கொட்டுக்காரர்கள் வழிவிட்டார்கள். ஒருவன் சிரித்தான். விருமாண்டி யாரையும் பார்க்காமல், விறைத்த முகத்தோடு, போன வழியே கேமராவை நோக்கி நடந்து வந்தார். பிள்ளை இரண்டு காதிலும் தோடு மின்ன அவர் தலையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தது.

அங்கே நாடா தீர்ந்தது. வி.சி.ஆர். டக்கென்று நின்றது.

சோணை இடுப்பில் இருந்த பிள்ளை திரையைக் காட்டி, "மாமா" என்றது. அதற்கு நினைவு இருக்க வழியில்லை. யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

பேச்சிக்கு முதலில் வந்தது சிரிப்பு. பிறகுதான் அழுகை. இரண்டும் கலந்து சிறிது நேரம் போனது.

"நெழல மிதிக்கமாட்டேன்னு சொன்ன வாயி மூடல, திரும்பி வாரதப் பாரு! எங்கையிலதான் பிள்ளையக் குடுத்துச்சு. மூஞ்சியப் பாக்கல. 'இதப் பிடி'ன்னுச்சு. அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசவே இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அது பேசுன கடைசிப் பேச்சு 'அண்ணனும் இல்ல மண்ணும் இல்ல'ன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன், இம்புட்டு நாளும். அதுக்குப் பின்னால வந்து 'இதப் பிடி'ன்னு சொல்லுச்சில்ல? அத மறந்தே போனேன்."

சோணை பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "இதுல ஒரு காப்பி போட்டுருங்கண்ணே. ஆனா அந்தத் திட்டு இருக்குல்ல, அத மட்டும் வெட்டிரலாம்ல? பிள்ள வளந்து பாக்கும்."

"வெட்டலாம்" என்றார் பாலசுந்தரம்.

"ஒண்ணையும் வெட்டக் கூடாது" என்றார் பேச்சி. "திட்டுனாத்தான் திரும்பி வந்தது தெரியும்."

பாலசுந்தரம் புதுக் கேசட்டு ஒன்றைப் பிரித்து இரண்டாவது வி.சி.ஆரில் போட்டார். பழசைப் புளியமரம்வரை பின்னால் ஓட்டினார். இரண்டையும் இணைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினார். ஓடி முடியக் கொஞ்ச நேரம் ஆகும், போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றார்.

பேச்சி டீக்குப் போகவில்லை. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். சோணை வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். விருமாண்டி மறுபடி வந்து திட்ட ஆரம்பித்தார். இந்தத் தடவை சோணை தலையைக் குனியவில்லை.